நோட்டீஸ் அடிக்காத விழா

டார்ட்மண்ட், ஜெர்மனி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் ஏதோ விழாக் கமிட்டியில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, "என்ன விழா, எவ்வளவு வரி?" என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ரூர் வட்டாரத்துப் புரோகிராமர்கள் ஒரு சனிக்கிழமை ஒன்றாகக் கூடிப் பேசப்போகிறோம். யார் பேசுவார்கள்? தெரியாது. எதைப் பற்றி? அன்று காலையில்தான் தெரியும். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை எதுவும் கிடையாது. நம்மூர்க் கோயில் கொடை நோட்டீஸில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று வருஷா வருஷம் நடக்கும் சண்டையைத் தீர்த்தே உங்களுக்குத் தலை நரைத்தது. இவர்கள் நோட்டீஸே அடிப்பதில்லை.

இந்த யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹாரிசன் ஓவன் என்பவர் ஒரு வருஷம் மெனக்கெட்டு ஒரு மாநாடு நடத்தினார். வந்தவர்களோ, காப்பி இடைவேளைதான் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. 1985-ல், காப்பி இடைவேளை மாதிரியே ஒரு கூட்டத்தை நடத்திக் காட்டினார். 2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கம்ப்யூட்டர்காரர்கள் சிலர், ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளாமல் ஏற்பாடு செய்து, பார்கேம்ப் என்று ஒன்றைக் கூட்டினார்கள். அடுத்த வருஷமே அது நம்ம சென்னைக்கும் வந்துவிட்டது. நாங்கள் கூட்டுவதும் அந்த வகைதான்.

ஓவன் வகுத்த விதிகள் நான்கு. வந்தவர்களே சரியான ஆட்கள். எப்போது தொடங்குகிறதோ அதுவே சரியான நேரம். எது நடந்ததோ அதுதான் நடக்க முடிந்தது. முடிந்தால் முடிந்தது. இதில் இரண்டாவது விதியை நம்மூர்ப் பஞ்சாயத்து எத்தனையோ காலமாகக் கடைப்பிடித்து வருகிறது. ஜெர்மன்காரர்களுக்குத்தான் அது வரமாட்டேன் என்கிறது. திட்டமில்லாமல் கூடுவது எப்படி என்று மாதக்கணக்கில் திட்டம் போடுகிறோம். கமிட்டிக் கூட்டம் ஏழு மணி என்றால் ஆறு ஐம்பத்தைந்துக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் வழக்கு, எந்த ஊர் என்பது. இந்த வட்டாரத்தில் ஐம்பது லட்சம் பேர் இருக்கிறார்கள். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று ரயிலில் போனால் தெரியாது. ஆனால் டார்ட்மண்ட்காரர் கெல்சன்கிர்ஷனுக்குப் போகமாட்டார், கெல்சன்கிர்ஷன்காரர் இங்கே வரமாட்டார். எல்லாம் கால்பந்துப் பகை. கடைசியில் நடுவில் இருக்கிற போஹும் என்ற ஊருக்கு இரு தரப்பும் இறங்கி வந்தன. இடம், சுரங்கம் மூடிய பிறகு ஆபீசாக மாற்றிய ஒரு பழைய கட்டடம். இந்த வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2018-ல் மூடினார்கள். கரி வெட்டிய இடங்களில் இப்போது எங்களைப் போன்றவர்கள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது தேதி. பள்ளி விடுமுறை ஆகாது. டார்ட்மண்டில் மேட்ச் நாள் ஆகாது. இங்குள்ள மைதானத்தில் 81,000 பேருக்கு மேல் கொள்ளும், அன்றைக்கு ரயிலில் ஏற முடியாது. நானும் என் பங்குக்கு, ஹம் ஊர் காமாட்சி அம்பாள் கோயில் தேர் நாளை விலக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டியலில் ஏற்றிக்கொண்டார்கள்.

பிறகு இன்சூரன்ஸ். யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? தீப்பிடித்தால் எந்தக் கதவு? அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலி போடக்கூடாது. போட்டோவில் விழ விரும்பாதவர்களுக்கு வேறு நிறத்தில் கழுத்துப்பட்டி. சாப்பாட்டில் பால் சேராதவர், கோதுமை சேராதவர், முட்டைகூடத் தொடாதவர் என்று மூன்று கட்சி. புரோகிராமர்கள் தண்ணீராகக் குடிக்கும் கிளப்-மாட்டே என்ற பானம் பெட்டி பெட்டியாக வரும். காலிப் புட்டிக்கு 15 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்பதால், புட்டிகளை எண்ணி ஒப்படைக்கத் தனியாக ஓர் ஆள். செலவைச் சில கம்பெனிகள் ஏற்றுக்கொள்கின்றன. மைக்கைப் பிடிக்கக்கூடாது என்பது நிபந்தனை. இதை நம்மூர் உபயதாரரிடம் சொல்லிப் பாருங்களேன்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்கிறீர்களா? காலையில் ஒவ்வொருவரும் எழுந்து பெயரும் தன்னைப் பற்றி மூன்றே வார்த்தைகளும் சொல்லி உட்கார வேண்டும். நம்மூர் மேடையில் மூன்று வார்த்தையில் மைக்கைத் தொட்டுச் சரிபார்க்கக்கூட முடியாது. எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் அழைக்க வேண்டும், நரைத்த தலையானாலும், கம்பெனி முதலாளியானாலும். எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. பேச நினைப்பவர் தலைப்பைத் துண்டுச் சீட்டில் எழுதி, கூட்டத்திடம் இரண்டு வரியில் சொல்வார். எத்தனை கை உயர்கிறதோ அதற்குத் தக்க அறை. சுவரில் கட்டம் போட்ட தாளில் சீட்டு ஏறிவிட்டால் அதுதான் நிகழ்ச்சி நிரல். ஒரு தலைப்புக்கு முக்கால் மணி நேரம். பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒருவர் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராமை எப்படிக் காப்பாற்றுவது என்பார், இன்னொருவர் புளித்த மாவில் ரொட்டி சுடுவது எப்படி என்பார். ரொட்டிக்குத்தான் கூட்டம் அதிகம்.

முக்கியமான சட்டம் இன்னொன்று உண்டு. பேச்சு பிடிக்கவில்லையென்றால் பாதியில் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம். பேசுகிறவர் வருத்தப்படக்கூடாது. எம்.எல்.ஏ. பேசும்போது எழுந்துபோன சித்தப்பாவை ஆறு மாதம் ஊரே ஏசியதே, அவர் இங்கே வந்திருந்தால் உத்தமர் என்பார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான் பெரியப்பா. பேச்சை வந்தவர்களிடமே விட்டுவிடலாம். நாற்காலி, சோறு, கக்கூஸ், சாவி இந்த நாலையும் அப்படி விட முடியாது. நீங்கள் வில்லுப்பாட்டுக்காரரிடம் எந்தக் கதை என்று கேட்டதே இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் நாலு தடவை போய்ப் பார்ப்பீர்கள். இந்தக் கமிட்டிக்கு உங்களைத் தலைவராகப் போடலாம்; ஆனால் தலைவர் பதவியே இல்லை.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. கட்டடக் காவலர் மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டியாக வேண்டும் என்கிறார். முடிந்தால் முடிந்தது என்று விதி சொன்னாலும், இந்த ஆட்கள் வாசலில் நின்று இன்னும் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். கொடை முடிந்த மறுநாள் காலையில் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை, ஒருவர் மனமும் நோகாமல் நீங்கள் எப்படிக் கிளப்புவீர்கள்? விவரமாகப் பதில் எழுதுங்கள். காலையில் அதையே ஒரு தலைப்பாகச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். ரொட்டியை விடக் கூட்டம் வரும்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்