நகரவே நகராத நடமாடும் வீடு

1960-ல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தது. ஊர் உலகமெல்லாம் கூடியிருக்கிற நேரம் பார்த்து, சில ஜப்பானிய இளைஞர்கள் ஓர் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டடத்துக்கும் உயிர் உண்டாம். வளருமாம், பழைய உறுப்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்குமாம். கட்சியின் பெயர் மெட்டபாலிசம். அதில் கிஷோ குரோகாவாவுக்கு வயது 26. அந்த வயதில் யாருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றாது? இவருக்குப் பணம் போடவும் ஆள் கிடைத்தது. 1970 ஒசாகா கண்காட்சியில் இவர் வைத்திருந்த கேப்சூலைப் பார்த்து நகாகின் நிறுவனத்தின் முதலாளி சொக்கிப்போனார்.

1972-ல் டோக்கியோவின் கின்சா பகுதி ஓரமாக எழுந்தது நகாகின் கேப்சூல் கோபுரம். நடுவில் இரண்டு கான்கிரீட் தண்டுகள், அவற்றைச் சுற்றி 140 இரும்புப் பெட்டிகள், பெட்டிக்கு நான்கே போல்ட். எல்லாம் வெளியூர்த் தொழிற்சாலையில் செய்து லாரியில் வந்தவை. பெட்டிக்கு ஒரு வட்ட ஜன்னல் இருந்ததால், தெருவிலிருந்து பார்த்தால் வாஷிங் மெஷின் அடுக்கிய குடோன்தான். உள்ளே பத்துச் சதுர மீட்டர்: கட்டில், மடக்கு மேசை, சுவரிலேயே டிவி, கேட்டால் சோனி டேப் ரெக்கார்டரும் உண்டு. அடுப்புதான் கிடையாது. ராத்திரி பத்து மணிவரை ஆபீசில் கிடக்கிற ஆசாமி எங்கே சமைக்கப் போகிறான் என்பது கணக்கு. ஜன்னலும் திறக்காது.

25 வருஷத்துக்கு ஒருமுறை பழைய பெட்டியைக் கழற்றிப் புதிதை மாட்டலாம், குடும்பம் பெருத்தால் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். 1997 வந்தது, போனது. ஒரு போல்ட்கூடக் கழலவில்லை. கீழே இருக்கிற பெட்டியை உருவ வேண்டுமென்றால் அதற்கு மேலே உள்ளவற்றை எல்லாம் முதலில் இறக்கியாக வேண்டும்! பெட்டிகளோ ஆளுக்கொன்றாக விற்றுப்போனவை. அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போய்வந்தவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டாம்.

கூரை ஒழுகியது, வெந்நீர் நின்றது, சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வேறு. 2007-ல் குடியிருந்தவர்களே இடித்துவிடலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். தண்டை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுங்களேன் என்று குரோகாவா மன்றாடிப் பார்த்தார். அதே வருஷம் டோக்கியோ கவர்னர் தேர்தலிலும் நின்றார். அங்கும் ஓட்டு அவர் பக்கம் விழவில்லை. அக்டோபரில் காலமானார். அடுத்து வந்த பொருளாதாரச் சரிவில் இடிப்புத் திட்டமும் படுத்துக்கொண்டது. யார் ஓட்டும் கேட்காமல் கோபுரம் இன்னும் சில வருஷம் ஒழுகிக்கொண்டே நின்றது.

2022-ல் கடைசியாக கிரேன் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, மேலேயிருந்து வரிசையாக. அவற்றில் 23-ஐ ஒதுக்கித் தேற்றி எடுத்தார்கள். ஒன்று பசிபிக் கடலையே தாண்டி, சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் குடிபோய்விட்டது. இந்த முறை மேல்வீட்டுக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டியிருக்கவில்லை.