மாமன் வெச்ச முற்றுப்புள்ளி

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கவுத்து வெய்யி. கவுத்து வெச்சா ஒண்ணும் வெடிச்சுடாது.

ஏன் மொகம் செத்துக் கெடக்குது? வேலை போயிருச்சா? இல்லீங்கறே. ஒடம்புக்கு ஆகலையா? அதுவும் இல்ல. மாமன் வாட்ஸ்அப்புல என்னமோ போட்டுட்டாராமா. என்னத்தைப் போட்டாரு, காட்டு பாக்கலாம்.

‘சரி. உங்க இஷ்டம்.’

இவ்வளவுதானா? மூணே வார்த்தை. இதுக்கா காத்தாலேருந்து இட்லியைப் பிட்டுப் பிட்டுச் சட்டினியில தேச்சுட்டு உக்காந்திருக்கறே?

பேரன் காதுகுத்துக்கு வரச் சொன்னாரு. ஆபீஸ்ல லீவு இல்லீங்க மாமான்னு நீ எழுதுனே. அவரு சரின்னுட்டாரு. சரின்னு சொன்னவரு மேல உனக்கென்ன வெசனம்? வரலைன்னா வெட்டுவேன்னா போட்டாரு?

"அந்தப் புள்ளியைப் பாருங்க அப்பாரு"ங்கறே. ‘சரி’க்குப் பொறவு ஒண்ணு, ‘இஷ்டம்’கறதுக்குப் பொறவு ஒண்ணு. கோவம் இருந்தாத்தான் புள்ளி வெப்பாங்களாமா. அடேங்கப்பா! நாங்க புள்ளி வெக்காம உட்டதுக்குப் பள்ளிக்கூடத்துல முட்டி போட்டோம். நீங்க அதை வெச்சதுக்கு அழுவறீங்க.

எகத்தாளம் பேசறேன்னு நெனைக்காத. உன்ற அத்தை மவ கோயமுத்தூர்ல மனசைப் பத்திப் படிக்கறா இல்ல, அவ லீவுக்கு வந்தா இந்தத் திண்ணையிலதான் வாத்தியார் வேலை பாப்பா. அமெரிக்காவுல பிங்காம்டன் பல்கலைக்கழகத்துல 2015-ல இந்தப் புள்ளியைத்தான் ஆராய்ச்சி பண்ணுனாங்களாமா. போன்ல வர்ற பதிலோட கடைசியில புள்ளி இருந்தா, படிக்கறவங்களுக்கு அது மனசாரச் சொன்னதாத் தெரியறதில்லையாம். அதே பதிலைத் துண்டுச் சீட்டுல கையால எழுதிக் குடுத்தா, புள்ளி இருந்தாலும் ஒண்ணுந்தான், இல்லாட்டியும் ஒண்ணுந்தான். ஆக நீ சொல்றதுல ஞாயம் இருக்குது, ஒத்துக்கறேன். ஆனா உங்க மாமன் யாரு? ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரு. உன்ற பொறந்த நாளைக்கு என்ன போட்டாருன்னு மேல தள்ளிப் பாரு. ‘வாழ்க வளமுடன்.’ புள்ளி இருக்குதா? ஆசீர்வாதத்துக்கே புள்ளி வெக்கற மனுசன் கண்ணு அவரு.

எங்க காலத்துல நல்லதோ கெட்டதோ, சேதி கார்டுல வரும். கல்யாணச் சேதின்னா நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கும். எழவுச் சேதின்னா மூலையில கருப்பு மை. போஸ்ட்மேன் கையில பாத்ததுமே வெவரம் தெரிஞ்சு போயிரும். எழவுக் கார்டை வாசல்ல நின்னபடியே படிப்பாங்க. படிச்சதும் அங்கயே நாலாக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. கெட்ட சேதியை ஊட்டுக்குள்ள வெக்கக் கூடாதுங்கறது வழக்கம். மூடநம்பிக்கைன்னு நீ சிரிப்பே. சிரி. ஆனா நீ என்ன பண்றே? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெக்கறே. அதை ரெண்டு சிநேகிதனுக்கு அனுப்பி, "இது கோவமா இல்லியா, நெசத்தைச் சொல்லுடா"ங்கறே. அவன் கோவம் இல்லைன்னு சொன்னா நம்பறதில்ல. கோவந்தான்னு சொன்னா தூங்கறதில்ல. ராத்திரி பன்னண்டு மணிக்குப் போர்வைக்குள்ள இன்னொருக்கா எடுத்துப் பாக்கறே. எழவுக் கார்டைத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுப் படுத்தா ஒறக்கம் எங்கிருந்து வரும்?

தந்தி இன்னும் மோசம். தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டதும் பொம்பளைங்க ஒப்பாரிக்குத் தயாராயிருவாங்க. பிரிச்சுப் பாத்தா யாருக்கோ வேலை கெடச்சிருக்கும். அந்தத் தந்தியையே 2013 ஜூலையில அரசாங்கம் மூடிருச்சு. உன்ற பாக்கெட்டுக்குள்ள இருக்கற தந்தியாபீசுக்குத்தான் லீவே கெடையாது.

இட்லி ஏன் எறங்கலைன்னு கேளு. ஹார்வர்டுல வால்டர் கேனன்னு ஒரு டாக்டரு. பூனைக்குத் தீனி எப்படிச் செரிக்குதுன்னு எக்ஸ்ரேயில பாத்துட்டு இருந்தாரு. பூனை மெரண்டுச்சுன்னா வயித்தோட அசைவே நின்னு போச்சு. அப்பறம் பூனை முன்னால ஒரு நாயைக் குரைக்க உட்டுப் பாத்தாங்க. பூனையோட ரத்தத்துல அட்ரினலின் ஏறியிருந்துச்சு. சண்டை போடோணும், இல்லாட்டி ஓடோணும், இந்த நேரத்துல சோத்துக்கு என்ன அவசரம்னு ஒடம்பு வயித்தை நிறுத்தி வெக்குதாமா. 1915-ல இதையெல்லாம் சேத்து ஒரு புஸ்தகமே போட்டுட்டாரு. சரி, பூனைக்கு நெசமாவே நாய் இருந்துச்சு. உனக்கு எங்க கண்ணு நாயி? மாமன் மெசேஜைப் போட்டுட்டு அப்பவே சோறு உண்டு படுத்திருப்பாரு. நீதான் காலையிலயும் குரைப்புச் சத்தம் கேக்குதுங்கறே.

எல்லாருக்குந்தான் மாமன் இருக்கறாரு. எல்லாருமா இப்படிக் கெடக்கறாங்க? உன்ற தங்கச்சிக்கும் அதே மெசேஜ்தான் வந்துச்சு. அவ கட்டைவெரல் படத்தை ஒண்ணு அனுப்பிட்டுச் சினிமாவுக்குப் போயிட்டா. உனக்கு மட்டும் ஏன்?

நான் சொல்றேன் கேளு. சின்ன வயசுல உங்கப்பன் டீவியெஸ் எக்ஸ்எல் இட்டேரியில திரும்பற சத்தத்தை வெச்சே, இன்னைக்குக் கோவமா சந்தோசமான்னு நீ சொல்லிருவே. ஸ்டாண்டை ஒதைச்சுப் போட்டான்னா ஓடிப்போயிப் பொஸ்தகத்தை விரிச்சுக்குவே. உங்கம்மா மொகம் சுண்டுனா யாரும் சொல்லாமயே பொடக்காணியில தண்ணி நெறைச்சு வெப்பே. எத்தனை பாந்தமான பையன்னு ஊரே சொல்லுச்சு. அன்னைக்கு அது பொழைக்கற வழி. பெரியவங்க மொகத்தைப் படிச்சு முன்னாடியே சமாதானம் பண்ணிட்டா அடி உழுகாது. இந்தக் கலையில உன்னை அடிச்சுக்க ஆளில்ல.

ஆனா வாட்ஸ்அப்புல மொகம் எங்க இருக்குது? சத்தம் எங்க இருக்குது? வெறும் எழுத்து. மொகம் படிச்சே பழகுனவனுக்கு மொகம் இல்லாத எடத்துல கையும் ஓடறதில்ல, காலும் ஓடறதில்ல. நீயே ஒரு மொகத்தை வரைஞ்சுக்கறே. அதையும் சிரிச்ச மொகமா வரையறியா? உங்கப்பன் ஸ்டாண்டை ஒதைச்ச அன்னைக்கு இருந்த மொகத்தைத்தான் வரையறே.

இதுலயும் ஒரு ஆராய்ச்சி இருக்குதாமா. க்ரூகர், எப்ளின்னு ரெண்டு பேரு, கூட்டாளிங்களோட சேந்து 2005-ல எழுதுனது. ஒருத்தரு ஈமெயில்ல கேலியாவும் நெசமாவும் கலந்து எழுதோணும், இன்னொருத்தரு எது எதுன்னு கண்டுபுடிக்கோணும். எழுதுனவங்க, நம்ம தொனி அவங்களுக்குப் புரிஞ்சிரும்னு தைரியமா இருந்தாங்க. படிச்சவங்க கண்டுபுடிச்சது, பூவா தலையா போட்டுப் பாத்ததுக்குக் கொஞ்சந்தான் மேல. அதுல வேடிக்கை என்னன்னா, படிச்சவங்களும் நாங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டோம்னு சத்தியம் பண்ணாத கொறை. வாயால சொன்னப்ப இந்தக் கொழப்பம் அவ்வளவா இல்ல. குரலு காட்டிக் குடுத்துருது.

இப்ப, ஒரே சேதியைத் திருப்பித் திருப்பி அசைபோடறியே, அந்தச் சமாச்சாரத்துக்கு வாரேன். இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. சூசன் நோலன் ஹோக்ஸ்மான்னு ஒரு அம்மா, ஸ்டான்போர்டுல இருந்தவங்க. பசங்ககிட்ட மனசு சங்கடப்பட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டு எழுதி வாங்கியிருந்தாங்க. ரெண்டு வாரம் போச்சு. 1989 அக்டோபர் 17-ந் தேதி அந்தப் பக்கம் பூமி ஆடிருச்சு. லோமா பிரியட்டா பூகம்பம். அந்தம்மா உடுவாங்களா? அதே பசங்களை மறுபடியும் புடிச்சுக் கேட்டாங்க, பத்து நாள் கழிச்சு ஒருக்கா, ஏழு வாரம் கழிச்சு ஒருக்கா. எனக்கு ஏன் இப்படி, என்னால ஏன் தாங்க முடியலைன்னு அதையே திருப்பித் திருப்பி நெனைக்கற பழக்கம் முன்னாடியே எவனுக்கு இருந்துச்சோ, அவன்தான் எச்சாச் சோந்து கெடந்தான். ஏழு வாரம் கழிச்சும் கெடந்தான். பூமி ஆடுனது எத்தனை நேரம்? சுமாரு பதினஞ்சு செகண்டு.

மாமன் மெசேஜைப் படிக்க எத்தனை செகண்டு ஆவும் கண்ணு?

நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். "நான் சும்மா நெனைக்கலீங்க அப்பாரு, என்ன பதில் போடறதுன்னு யோசிக்கறேன்." யோசிக்கறவன் ஒரு முடிவுக்கு வருவான். நீ வாரியா? அடிக்கறே, அழிக்கறே. மறுபடியும் அடிக்கறே. அந்தப் பக்கம் உங்க மாமன் போன்ல ‘டைப்பிங்’னு வந்து வந்து போவுது. அவரு என்னமோ ராமாயணம் வரப்போவுதுன்னு கண்ணாடியை மாட்டிட்டு உக்காந்திருக்கறாரு. கடைசியில நீ அனுப்பறது, ‘சாரி மாமா, தப்பா எடுத்துக்காதீங்க.’ பின்னால கும்பிடற கை மூணு. அவரு தப்பாவே எடுத்திருக்க மாட்டாரு. இப்ப எடுப்பாரு. இவன் எதுக்கு இத்தனை கும்புடு போடறான்னு சந்தேகப்படுவாரு. வெறும் வாயை மெல்றவனுக்கு அவல் கெடச்ச கதைதான், அவலை அள்ளிப் போட்டதும் நீயே.

இன்னொண்ணும் பண்ணுவே. மனசு கேக்காம, சரீங்க மாமா எப்படியாவது வந்தர்றேன்னு போட்டுருவே. போட்டதும் நெஞ்சு லேசாவும். அந்தச் சொகம் இருக்குதே, அதுதான் கண்ணு வம்பு. அடுத்த தடவை எவனாவது மொகத்தைச் சுளிச்சா, அந்தச் சொகத்துக்காவ இன்னும் வெரசா தலையாட்டுவே. அப்பறம் சம்பளம் புடிச்சுக்கிட்டானுங்கன்னு ரெண்டு மாசம் மாமனைத் திட்டுவே. எங்க? மனசுக்குள்ள. அவருக்கு இது தெரியுமா? பாவம், மருமகன் பாசத்துல பறந்து வந்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாரு.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. மாமன் மொகம் சுருங்குனா, அண்டை ஊட்டுக்காரி பேசாமப் போனா, மேனேஜர் ‘ஓகே’ன்னு மட்டும் போட்டா, எல்லாத்துக்கும் காரணம் நீதான்னு நெனைக்கறியே. இது பணிவா, திமிரா? மேனேஜருக்குப் பல்லுவலி இருக்கக் கூடாதா? மாமன் ஊட்டுல சீராட்டு நடந்திருக்கக் கூடாதா? ஊர்ல இருக்கற அத்தனை பேரும் காத்தால எந்திரிச்சு உன்னைப் பத்தி நெனைச்சுட்டுத்தான் பல்லு வெளக்கறாங்களா? நல்லவன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி வெச்சுக்கோணும்னு ஒரு ஆசை உனக்கு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ராமரையே ஒரு வண்ணான் பேசுனான். உன்னை மாமன் ஒரு நேரம் பேசுனா என்ன கொறைஞ்சு போவும்?

அது என்னது மணிக்கட்டுல? வாச்சா? ‘உங்களுக்கு அழுத்தம் எச்சா இருக்குது, மூச்சு விடுங்க’ன்னு சொல்லுதாமா. அது சொல்லாட்டி நீ மூச்சு உட்டிருக்க மாட்டியா? போனால வந்த வெசனத்துக்குப் போன்லயே ஒரு ஆப்பு, அதுக்கு மாசாமாசம் காசு. அது வேற நடுராத்திரி ‘நீங்க இன்னைக்கு தியானம் பண்ணலை’ன்னு மெசேஜ் அனுப்பி வெசனப்படுத்துது. மாமன்கிட்டத்தான் பயம்னு பாத்தா, இப்ப ஆப்புகிட்டயும் நல்ல பேரு எடுக்கோணும்.

ஆனா ஒண்ணு. வாரக்கணக்குல ஒறக்கமே இல்ல, சோறு எறங்கலை, எதுலயும் மனசு ஒட்டலைன்னா அது இந்தத் திண்ணையில தீர்ற விசயம் இல்ல. டாக்டரைப் பாரு. 14416-னு அரசாங்கமே நம்பர் வெச்சிருக்குது, 2022-லேருந்து. காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். அதுல நான் எகத்தாளம் பண்ண மாட்டேன்.

உனக்கு இப்ப அந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல. போனை எடு. மெசேஜ் அடிக்காத, கூப்புடு. "மாமா, காதுகுத்துக்கு வர முடியலீங்க, லீவு இல்ல, பொங்க நோம்பிக்கு வர்றப்ப பையனைப் பாக்கறேன்"னு சொல்லு. சாரி வேண்டாம். காரணம் ஒண்ணு போதும், மூணு காரணம் சொன்னா பொய்யின்னு தெரிஞ்சுரும். அவரு கோவமா இருந்தா குரல்ல தெரியும். இருந்தா இருக்கட்டும், அது அவரு கோவம், அவரே வெச்சுக்கட்டும். பேசி முடிச்சதும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அழிச்சுரு.

அப்பறம் அந்த நீல டிக்கு. செட்டிங்ஸ்ல பிரைவசின்னு ஒண்ணு இருக்குது, அதுக்குள்ள ரீட் ரிசீட்ஸ். அதை அமத்தி வெய்யி, நீ படிச்சது மத்தவங்களுக்குத் தெரியாது. அவங்க படிச்சதும் உனக்குத் தெரியாது, அதுவும் நல்லதுக்குத்தான். ஆனா குடும்ப குரூப்புல மட்டும் அது செல்லாது. அங்க நீ பாத்தது எப்பவும் தெரியத்தான் செய்யும்.