தொடர்ச்சி 5-ம் பக்கம்

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் செய்தித்தாளை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. தாள் தாளாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவருக்கு விளையாட்டு, ஒருவருக்கு சினிமா, வேலை தேடும் பையனுக்கு வரி விளம்பரம். முதல் பக்கம் மட்டும் சாருக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் என்பதால் சார். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வரை எந்தக் கடைத்தெருவில் இறங்கினாலும் பெஞ்சின் ஓரத்தில் இப்படி ஒரு சார் உட்கார்ந்திருப்பார்.

முதல் பக்கச் செய்திக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விஷயம் சூடுபிடிக்கிற இடமாகப் பார்த்து ‘5-ம் பக்கம் பார்க்க’ என்று நிறுத்திவிடும். ஐந்தாம் பக்கமோ எப்போதும் வேறொருவர் கையில், வடை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் என்றால் காத்திருப்பார்கள். சார் மீதியைத் தானே சொல்லி முடித்துவிடுவார். அமைச்சரவையில் மாற்றம் என்று தலைப்பு இருந்தால் போதும். யார் போகிறார், யார் வருகிறார், போகிறவரின் மைத்துனர் எந்த டெண்டரில் கைவைத்தார் என்பது வரை டீ ஆறுவதற்குள் வந்துவிடும். ஐந்தாம் பக்கக்காரர் பாவம், தலையில்லாத வாலைப் படித்துவிட்டு, “யாரையோ கைது பண்ணிட்டாங்க சார், யாருன்னுதான் தெரியல” என்பார்.

“எனக்குத் தெரியும்” என்பார் சார்.

தங்கம் விலை ஏறினால் நெற்றியில் அடித்துக்கொள்வார். வாங்கும் உத்தேசம் கிடையாது. விற்கலாம் என்றால் வீட்டம்மா விடமாட்டார். ஆனாலும் 2000-ஆம் ஆண்டில் பவுன் நாலாயிரத்துக்கும் கீழே விற்றபோது தான் வாங்காமல் போனதை, யாரோ திட்டமிட்டுச் செய்த சதி மாதிரிதான் சொல்லுவார். “அன்னைக்கு ஒரு நூறு பவுன் வாங்கிப் போட்டிருந்தா?” அன்றைக்கும் அதற்கு மூணு லட்சத்துக்கு மேல் வேண்டியிருக்குமே என்று மாஸ்டர் ஒருமுறை கேட்டுவிட்டார். டீ ஆற்றுகிறவர் டீ ஆற்றுவதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். விலை இறங்கிய நாளில் சாருக்குக் கோபம் இன்னும் அதிகம்: “ஏத்தத்தான் எறக்குறான்.”

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்ட இரவிலிருந்து, வானிலைத் துறையைத் தனக்குக் கீழே வேலை பார்க்கும் குமாஸ்தாவாகவே நடத்தி வருகிறார். ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்று கண்ணில் பட்டதும் எழுந்து வெளியே வந்து வானத்தை ஒரு பார்வை பார்ப்பார். “ஆந்திரா போயிடும்.” போய்விட்டால் அந்த வாரம் முழுக்க அவர் பெருமையைத் தாங்க முடியாது. போகாமல் இங்கேயே கொட்டித் தீர்த்தால், “நான் காத்தைச் சொன்னேன், மழையையா சொன்னேன்?”

காலமானார் அறிவிப்புகளில் பெயருக்கு முன்னால் வயதைப் பார்ப்பார். தன்னைவிட மூத்தவரா? “நல்லா வாழ்ந்துட்டுப் போயிருக்காரு.” இளையவரா? பழி பரோட்டா மேல். தன் வயதே என்றால் ஒன்றும் பேசமாட்டார். “மாஸ்டர், சர்க்கரை கம்மி” என்பதோடு சரி.

ஒரே ஒரு செய்தியில்தான் அவர் ஆள் மாறிவிடுவார். ‘மேட்டூர் அணை 120 அடியை எட்டியது’ என்று வந்த அன்று கடையே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “மேட்டூர் நெறஞ்சா நம்ம வாய்க்கால் நெறஞ்சுடுமா தம்பி? தண்ணி கல்லணைக்கு வரவே மூணு நாளாவும். அப்புறம் வெண்ணாறு, அப்புறம் வாய்க்கால், வாய்க்கா பூரா ஆகாயத்தாமரை. நாம கடைமடை.” அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., ஜூன் 12 திறப்பு, எந்த மதகில் பலகை இல்லை, எந்தப் பாசனக்காரர் எந்த வருஷம் நாற்றைக் காயவிட்டார், எல்லாம் விரல்நுனியில் இருந்தது. வருஷக்கணக்காய்ப் பயிர்க்கடன் எழுதிய கை அது. இட்டுக்கட்டாமல் அவர் பேசும் செய்தி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பெஞ்சு காலியாவதும் சரியாக அப்போதுதான். மைத்துனருக்குக் கூடுகிற கூட்டம் மதகுக்குக் கூடாது.

அமைச்சரவைச் செய்தி மறுபடி வந்த ஒருநாள் நல்ல மழை. கடையில் நானும் சாரும் மட்டும். அத்தனை தாளும் அவர் மடியிலேயே இருந்தது. வழக்கம்போல எனக்கு மீதிக் கதையைச் சொல்லி முடித்தவர், கை சும்மா இருக்காமல் ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். அவர் சொன்னதில் ஒன்றுகூட அதில் இல்லை.

“நிருபர் சின்னப் பையன் போலருக்கு” என்றார், தாளை மடித்துக்கொண்டே. “மைத்துனரை விட்டுட்டான்.”