பரமபதத்தில் பாம்பு மட்டும்

உத்தரப் பிரதேசத்தில் சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களை ஒன்றாக்கிக் கொடுக்க 1953-இல் ஒரு சட்டம் வந்தது. ஊர்வழக்கில் சக்பந்தி. நிலம் ஒன்று சேர்ந்ததோ இல்லையோ, காகிதம் நன்றாகவே சேர்ந்தது.

ஆட்சேபம் இருந்தால் சக்பந்தி அதிகாரியிடம் போகலாம். அங்கே தோற்றால் செட்டில்மென்ட் அதிகாரியிடம் அப்பீல். அதற்கும் மேலே, 48-ஆம் பிரிவின்படி இயக்குநரிடம் சீராய்வு. சிவில் கோர்ட்டுக்குப் போகலாமென்றால் 49-ஆம் பிரிவு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறது.

மேலே இருப்பவருக்குச் சௌகரியமான ஒரு வாக்கியம் உண்டு: ‘மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது.’ யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. மேஜை மட்டும் காலி.

உடனே ஒரு தரப்பு அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு ஓடும். சில நேரம், ‘உரிமை எதுவும் இன்னும் முடிவாகவில்லையே, நாங்கள் ஏன் தலையிட வேண்டும்?’ என்று பதில் வரும். சில நேரம் நீதிபதி கடிந்துகொள்வார்: ஆவணமெல்லாம் கண்முன்னே இருக்க, நீரே தீர்த்திருக்கலாமே, எதற்குக் கீழே தள்ளினீர்? நியாயமான கேள்விதான். கேட்டுவிட்டு, திருப்பி அனுப்பியது தவறு என்று சொல்லி, வழக்கை அதே அதிகாரிக்குத் திருப்பி அனுப்புவார்.

இதற்குள் வழக்குப் போட்ட தாத்தா காலமாகியிருப்பார். அவர் இடத்தில் பேரன் பெயரைச் சேர்க்கத் தனியாக ஒரு மனு. அதற்கும் எதிர்த்தரப்பு ஆட்சேபம் தாக்கல் செய்யும். வாய்தா அடுத்த மாதம்.