மாமனார் மீட்டர்

மற்ற வண்டிக்காரர்கள் என்ஜின் சூட்டை டேஷ்போர்டில் முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். எனக்கு மாமனார் இருக்கிறார். எங்கள் ஆம்னி வேனுக்கு என்ஜின் முன் இருக்கைக்கு அடியில்தான். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் மாமா இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, "மாப்ளே, இன்னைக்குச் சூடு கூடுதலா இருக்கே" என்றால், வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். போன மாதம் அவர் துண்டை நாலாக மடித்து அடியில் போட்டுக்கொண்டார்.

வண்டி 1997 மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்பரேட்டர். தமிழ் சினிமாவில் கதாநாயகியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறக்கும் அதே ஜாதி. எங்கள் வண்டியில் அதெல்லாம் நடக்காது. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். அடியாட்கள் இறங்கித் தள்ள, கதாநாயகிதான் ஸ்டியரிங் பிடித்தாக வேண்டும்.

நோய் விசித்திரமானது. காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் பூனை மாதிரி உறுமும். பைபாஸில் அறுபதில் போனால் ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சூடேறி, சோக்கை உள்ளே தள்ளி, சிக்னலில் நிற்கும்போதுதான் ஆட்டம். ஏறும், இறங்கும், விக்கும், கடைசியில் உயிரை விடும். நடுநடுவே கார்பரேட்டரிலிருந்து 'டப்' என்று ஓர் இருமல். ஒருமுறை அந்த இருமலுக்குப் போக்குவரத்துக் காவலர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

பழைய வண்டிக்குச் சொந்தக்காரனுக்கு ஆலோசனைப் பஞ்சமே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் பெட்ரோலில் கலப்படம் என்றார். முதல் மெக்கானிக் மூன்று பிளக்கையும் மாற்றினார். இரண்டாமவர் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஐடில் ஸ்க்ரூவை நாலு திருப்புத் திருப்பினார். அதன் பிறகு வண்டி சிக்னலில் நிற்கவில்லை. ஆக்சிலேட்டரைத் தொடாமலே தானாக வீட்டுக்குப் போகப் பார்த்தது. போதாக்குறைக்குப் பெட்ரோலையும் கூட்டி வைத்திருந்தார். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது 10-க்கு இறங்கியது; விக்கலும் 'டப்'பும் மட்டும் அப்படியே இருந்தன.

இதில் என் பங்கும் உண்டு. மெக்கானிக்கிடம் நான் போவது காலையில். அதாவது, வண்டிக்கு நோயே இல்லாத நேரத்தில். பல்வலிக்காரன் மாத்திரை போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் போவது போல.

மூன்றாவதாகப் போனது செல்லூரில் ஒரு சின்னப் பட்டறைக்கு. மெக்கானிக்குக் கூடினால் முப்பது வயது இருக்கும். நான் நோய் வரலாற்றை 1997-லிருந்து ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே, "ஒரு ரவுண்டு போய்ச் சூடு பண்ணிட்டு வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்ததும் மாமாவை இறக்கி ஸ்டூலில் உட்கார வைத்து, இருக்கையைத் தூக்கி, ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய முனை திருநீறு பூசிய மாதிரி வெளுத்திருந்தது.

"பெட்ரோல் பத்தலண்ணே. இல்லேன்னா காத்து ஜாஸ்தி."

பிளக்கைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தார். விக்கிக்கொண்டிருந்த வண்டியில் சோக்கைப் பாதி இழுத்தார். என்ஜின் கச்சேரி மாதிரி சுருதி சேர்ந்தது. உள்ளே தள்ளினார், மறுபடி விக்கல். சோக்கை இழுத்தால் காற்று வரும் வழி குறுகி, பெட்ரோல் தூக்கலாகும். அதில்தான் இது பிழைக்கிறது என்றால், பசியில் கிடக்கிறது என்று பொருள்.

கல்யாண வீட்டுச் சமையல் மாதிரிதான் இது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கார்பரேட்டர் என்கிற சமையல் மாஸ்டர் முன்வாசல் வழியாக வரும் தலைகளை எண்ணித்தான் உலை வைப்பார். கொல்லைப்புறம் வழியாக நாலு பேர் நுழைந்து பந்தியில் உட்கார்ந்தால், எல்லார் இலையிலும் சாதம் குறையும். அரைகுறைக் கலவை மெதுவாகத்தான் எரியும். அடுத்த பந்திக்கு வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சமிருக்கும். வந்த கலவையும் பற்றிக்கொண்டு கார்பரேட்டர் வழியாகவே எகிறும். காவலரின் தொப்பிக்கு ஆபத்து வந்தது அப்படித்தான். போன மெக்கானிக், திருட்டுப் பந்திக்காரர்களைப் பிடிக்காமல் இன்னொரு மூட்டை அரிசி வடித்திருக்கிறார்.

அப்படியானால் பைபாஸில் ஏன் தொல்லையில்லை? ஆக்சிலேட்டரை விட்டால் முன்வாசல் ஏறக்குறைய மூடிவிடும். பிஸ்டன்களோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் சின்னப் பொத்தல்கூடப் பெரிய வாசல். வேகமாகப் போகும்போது முன்வாசலில் ஊரே திரண்டு நுழையும். கொல்லைப்புறத்து நாலு பேர் கணக்கிலேயே வர மாட்டார்கள். மெக்கானிக் ஒரு வேக்கம் மீட்டரைச் செருகினார். நல்ல என்ஜின் சும்மா நிற்கும்போது முள் 17-க்கும் 22-க்கும் நடுவே அசையாமல் நிற்க வேண்டுமாம். எங்களுடையது 12-ல் நின்று, சளி பிடித்த குழந்தை மாதிரி நடுங்கியது.

கூட்டம் கூடிவிட்டது. ஓட்டை எங்கே என்று பார்க்க ஊதுவத்தி கொளுத்திப் புகை போகிற திசையைப் பார்க்கலாம் என்றார் ஒரு பெரியவர். மெக்கானிக் கார்பரேட்டரையும் பார்த்தார், பெரியவரையும் பார்த்தார். "அப்புறம் நமக்குத்தான்ணே ஊதுவத்தி கொளுத்தணும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து இஸ்திரிக் கடையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை வாங்கி வந்தார்.

ஓடுகிற என்ஜினில், பிளக் ஒயரில் படாமல், இடம் இடமாகப் பீய்ச்சினார். ஓட்டையில் தண்ணீர் பட்டால் அது ஒரு நொடி அடைபடும், சத்தம் மாறும். கார்பரேட்டர் அடிப் பேக்கிங்: மாற்றமில்லை. மேனிஃபோல்ட் பேக்கிங்: மாற்றமில்லை. கையைப் பின்பக்கம் விட்டு ஒரு பீய்ச்சு. என்ஜின் சட்டென்று குரல் மாறியது.

விரலை விட்டு ஒரு குழாயை உருவி எடுத்தார். விரல் நீளம். கறுத்த ரப்பராக இருக்க வேண்டியது. இதுவோ வெள்ளையாக, கண்ணாடி மாதிரி. ஒரு முனை சூட்டில் இளகிப் புனல் மாதிரி விரிந்திருந்தது. ஆறினால் ஏதோ பிடிக்கும், சூடேறினால் வாயைப் பிளக்கும்.

"எந்த மெக்கானிக்ணே இதை மாட்டுனான்? இது மீன் தொட்டி டியூபு!"

நான் வானத்தைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் மகள் தங்கமீன் வளர்த்தாள். மீன் ஒரு வாரம் இருந்தது. டியூப் அரை மீட்டர் மிஞ்சியது. அப்போது வண்டியில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்ததைப் பார்த்து, நானே வெட்டி மாட்டி, பத்து நாள் அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஸ்டூலில் இருந்தபடி என்னையே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை மரியாதை.

சூடு தாங்கும் ஓஸ் மாட்டி, கிளிப் போட்டு, முன்னவர் திருப்பிய ஸ்க்ரூக்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார் மெக்கானிக். முள் 18-ல் ஏறி அசையாமல் நின்றது. கூலியை விட ஓஸ் விலை குறைவு.

இப்போது கோரிப்பாளையத்தில் சிவப்பு விழுந்தாலும் பயமில்லை. இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று மாமா முன் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நகர்ந்து பார்த்துவிட்டு, துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சூடே இல்லையே மாப்ளே. ஒரு மாசமா இடுப்பு வலி தெரியாம இருந்துச்சு. அந்த வெள்ளை டியூபைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"