கத்தினால் கனம் குறையுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஜிம்மில் சிலர் வெயிட் தூக்கும்போது கட்டடமே அதிரக் கத்துகிறார்கள். முடித்ததும் தம்பெல்லைத் தொப்பென்று போடுகிறார்கள். கத்தினால்தான் பலம் வருமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: இரைச்சல்தான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஒகேனக்கல் அருவி இருக்கிறதே!

மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கினால் முதுகெலும்புக்குப் பிடிமானம் கிடைக்கும். கடினமான கட்டம் தாண்டி மூச்சை விடும்போது ‘ஹும்’ என்று சத்தம் வருவது இயல்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து பெஞ்சில் மார்புக்கு மேல் பாரைப் பிடித்திருப்பவரைத் திடுக்கிட வைக்கும் அலறல் வேறு. அது ஆபத்து. அமெரிக்காவின் ‘பிளானெட் ஃபிட்னஸ்’ ஜிம்களில் இப்படிக் கத்துகிறவர்களுக்காகச் சைரனே வைத்தார்கள்.

அடுத்து, தொப்பென்று போடுவது. வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அப்படிப்பட்ட போட்டிகளில் தூக்கி முடித்ததும் பாரைக் கீழே விடுவார்கள்தான். ரப்பர் தட்டும் அதற்கென்றே போட்ட மேடையும் அதைத் தாங்கும். மாடி ஜிம்மின் டைல்ஸ் தாங்காது. கீழ்வீட்டுக்காரரும் தாங்க மாட்டார். இறக்கும்போதும் தசை வேலை செய்கிறது. தொப்பென்று போடுகிறவர் அந்தப் பலனையும் சேர்த்தே கீழே போடுகிறார். மாஸ்டரிடம் சொல்லுங்கள், அந்தத் தம்பிக்கு எடையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கட்டும்.