பொடி வைத்த போதை

கேள்வி: மலையேற்றத்துக்குப் போகிறவர்கள் சுமை குறைய மதுவைப் பால்பவுடர் போலப் பொடியாக்கி எடுத்துப் போகலாமாமே?

பதில்: பாலைக் காய்ச்சினால் தண்ணீர் போகும், பால் மிஞ்சும். மதுவைக் காய்ச்சினால் 78 டிகிரியிலேயே சரக்கு முதலில் கிளம்பிவிடும். மிஞ்சுவது உங்கள் ஏமாற்றம். ஆகவே கடையில் சொல்லும் ‘பொடி மது’ உலர்ந்த மது அல்ல. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரைப் பொருளுக்குள் சாராயத்தை ஒளித்துவைத்தது. அமெரிக்காவில் ‘பால்கஹால்’ என்ற பெயரில் 2015இல் மத்திய அரசு அனுமதி கிடைத்தது. பல மாநிலங்கள் அவசர அவசரமாகத் தடை போட்டன.

சுமைக் கணக்குக்கு வருவோம். இத்தகைய பொடியின் எடையில் சாராயம் அதிகம் போனால் சுமார் 60 சதவீதம். மீதி அதைச் சுமக்கும் சர்க்கரை. சாதாரண 40 சதவீத விஸ்கியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் சாராயம் என்பதால், அதைப் பொடி வெல்லும். ஆனால் 75 சதவீத ரம்மில் எடைக்கணக்கில் ஏறக்குறைய 68 சதவீதம் சாராயம். அங்கே பொடி தோற்கிறது. ‘கண்ணாடிப் பாட்டில் கனக்குமே?’ என்பீர்கள். பிளாஸ்டிக் குடுவைக்கு மாற்றினால் தீர்ந்தது. இரண்டையும் குடிக்கத் தண்ணீர் கலந்தே ஆகவேண்டும்; அது வழியில் ஓடையில் கிடைக்கும். ‘குளிருக்கு இதமாச்சே?’ என்றால், தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உடலின் சூட்டை வெளியே விரட்டுவதுதான் மது. முதுகுச் சுமையை உண்மையிலேயே குறைக்க நினைப்பவருக்குச் சிறந்த வழி, பாட்டிலையும் பொடியையும் சேர்த்தே வீட்டில் விடுவது.